கிலோக் கணக்கில் விற்றவை

கடந்த மாதம் பஞ்சிகாவத்தையில் உள்ள என் கடைக்கு இளம் வியாபாரி ஒருவர் வந்தார். கையில் நாற்பது இலட்சம் ரூபா இருக்கிறது. அதை எதில் போடலாம் என்று யோசித்துக் கொண்டிருக்கிறார். என் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நானா, பழைய கார் வாங்கித் திருத்தி வைத்தால் நல்ல முதலீடு என்று சொல்கிறார்களே, உண்மைதானா?" என்று கேட்டார்.

நான் தேநீருக்குச் சொல்லிவிட்டு, மேசை லாச்சியில் இருந்த கணக்குப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஐந்து வருடமும் எட்டு மாதமும் அந்தக் காருக்குச் செலவழித்த ஒவ்வொரு ரூபாவும் அதில் இருக்கிறது. அவர் கடைசிப் பக்கத்துக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தார். ஆனால் அவருக்குரிய பதில் நடுப் பக்கங்களில்தான் இருந்தது. அன்று கடையில் ஆட்கள் நிறைந்திருந்ததால் முழுவதும் சொல்ல முடியவில்லை. அவருக்கும் அவரைப் போல் நினைக்கும் மற்றவர்களுக்குமாக இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்து கராஜில் கிடைத்த கார்

என்னுடையது 1958ஆம் ஆண்டு எம்.ஜி.ஏ. ரகக் கார். இரண்டு பேர் மட்டும் அமரலாம். கூரைக்குப் பதிலாக மடிக்கும் துணி ஹூட். எம்.ஜி. என்பது 'மொரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரில் மொரிஸ் கார்களை விற்ற இடத்தில் 1920களில் பிறந்த பெயர் அது. இன்று அந்தப் பெயர் சீனாவின் சைக் நிறுவனத்திடம் இருக்கிறது. எமது வீதிகளில் ஓடும் எம்.ஜி. மின்சாரக் கார்களுக்கும் என் காருக்கும் உள்ள உறவு பெயர் மட்டும்தான்.

எம்.ஜி.ஏ. 1955 முதல் 1962 வரை எபிங்டன் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில் செய்யப்பட்டது. மொத்தம் ஒரு இலட்சத்து ஆயிரத்துக்குச் சற்று மேல். அதில் பத்தில் ஒன்பதுக்கும் அதிகமானவை ஏற்றுமதியாயின, பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. யுத்தத்துக்குப் பிந்திய பிரிட்டனுக்கு டொலர் தேவைப்பட்டது. உள்ளூரில் விற்பதை விட வெளிநாட்டில் விற்பதையே அரசாங்கம் விரும்பியது. அந்த அலையில் சில கார்கள் இலங்கைக்கும் வந்தன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இங்கு கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. அதனால் அதற்கு முன் வந்தவைதான் மிஞ்சின.

நான் வாங்கியது பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்து பங்களாவின் கராஜில் இருபது வருடத்துக்கு மேல் நின்ற கார். 2018 பெப்ரவரியில் பதினெட்டு இலட்சம் கொடுத்தேன். லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து வெல்லம்பிட்டியில் உள்ள என் ஸ்டோரில் இறக்கினோம். என் மனைவி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஓடுமா, இல்ல இங்கேயே நிக்குமா?" என்று கேட்டாள். அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஒரு விடயத்தை மட்டும் நான் சரியாகச் செய்திருந்தேன். காரைப் பார்க்க முன்னர் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தேன். சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துப்போயின. தகரம் உக்கியிருந்தால் வெட்டி ஒட்டலாம். ஆவணம் பிழையாக இருந்தால் எந்த டிங்கராலும் ஒட்ட முடியாது.

வாப்பாவின் பெட்டிகள்

எம்.ஜி.ஏ. பார்வைக்குத்தான் ஸ்போர்ட்ஸ் கார். அதன் உள்ளே இருப்பது குடும்பக் காரின் சாமான்கள். 1489 சிசி கொள்ளளவுள்ள அந்த எஞ்சினைத்தான் மொரிஸ் ஒக்ஸ்போர்டிலும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜிலும் போட்டார்கள். எம்.ஜி.க்கு இரண்டு எஸ்.யூ. காபரேட்டர்களைப் பூட்டிப் பலத்தைக் கூட்டினார்கள், எழுபத்திரண்டு குதிரைவலு. இந்தியாவின் அம்பாசிடர் காரில் நெடுங்காலம் ஓடியதும் இதே குடும்ப எஞ்சின்தான். புதிய சாமானைக் கண்டுபிடிக்காமல் கையில் இருப்பதை வைத்துப் புதிய சரக்கைச் செய்திருக்கிறார்கள். வியாபாரிக்கு இது நன்றாகவே விளங்கும்.

அதனால்தான் நானும் துணிந்தேன். உதிரிப்பாகம் என் தொழில். கேம்பிரிட்ஜும் ஒக்ஸ்போர்டும் ஒரு காலத்தில் கொழும்பு நிறைய ஓடிய கார்கள். பாகம் கிடைக்காமலா போகும் என்று நினைத்தேன். பஞ்சிகாவத்தையை மூன்று நாள் சுற்றினேன். அம்பாசிடருக்கு வந்த சில கேஸ்கட்டுகளும் ஒரு பேரிங் செட்டும் கிடைத்தன. மற்றவற்றுக்கு எல்லாக் கடைகளிலும் ஒரே பதில்: "அதெல்லாம் எப்பவோ இரும்புக்குப் போட்டாச்சு, நானா."

மூன்றாம் நாள் மாலை, என் கடைக்கு எதிரே உள்ள வயதான ஹாஜியார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒங்கட வாப்பாட்ட இருந்திச்சே, மேல் தட்டு நிறைய. அதை நீங்கதானே வித்தீங்க?"

உண்மைதான். என் வாப்பா 1960களில் கடையைத் தொடங்கியபோது விற்றதே மொரிஸ், ஒஸ்டின் சாமான்கள்தான். அவர் காலமான பின் 1998இல் நான் கடையைப் பொறுப்பெடுத்தேன். ஜப்பான் வாகனங்களின் சாமான் சூடாக விற்ற காலம். மேல் தட்டில் மெழுகுக் கடதாசியில் சுற்றி, வாப்பாவின் கையெழுத்தில் இலக்கம் எழுதிய பெட்டிகள் தூசு பிடித்துக் கிடந்தன. பத்து வருடம் அசையாத சரக்கு செத்த முதல் என்று கணக்குப் போட்டு, ஒரு லொறி நிறைய ஏற்றிப் பழைய இரும்புக்கு நிறுத்து விற்றேன். கையில் வந்தது பதினான்காயிரம் ரூபா. இடம் மிச்சமானது என்று சந்தோஷப்பட்டேன்.

இருபது வருடம் கழித்து, அதே வால்வு, அதே பிஸ்டன், அதே காபரேட்டர் ஊசி எல்லாவற்றையும் இங்கிலாந்தில் இருந்து பவுண்ஸ் கொடுத்து வரவழைத்தேன். முதலாவது பெட்டிக்கு மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் போனது. அந்தப் பெட்டியைத் திறந்தபோது வாப்பாவின் கையெழுத்துத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

நான் வெட்டிய ஒன்றேகால் இலட்சம்

எம்.ஜி.ஏ.யின் சேஸி தடித்த இரும்பு. அது சீக்கிரம் உக்காது. பொனட், கதவு, பின் மூடி ஆகியவற்றின் வெளித்தகடு அலுமினியம். உக்குவது கதவுக்குக் கீழே உள்ள பகுதியும், கதவைத் தாங்கும் தூண்களும், மட்கார்டுகளின் அடியும்தான். என் காரில் யாரோ முன்பு ஒருவர் இந்த இடங்களை ஃபைபரும் புட்டியும் வைத்து மூடி, மேலே பெயின்ட் அடித்திருந்தார். சுரண்டியபோது இடது பக்கத்தில் கை உள்ளே போனது.

அந்த வேலையைச் செய்யக்கூடியவர் களனிப் பக்கத்து டிங்கர் பாஸ் ஒருவர் என்றார்கள். வயது அறுபதைத் தாண்டியவர். காரைச் சுற்றி வந்து, விரலால் தட்டித் தட்டிச் சத்தத்தைக் கேட்டார். இடது பக்க வேலைக்கு நான்கு இலட்சம் கேட்டார். நான் வியாபாரி. வழக்கம் போல் பேசினேன். காசு ரொக்கம் என்றேன். வேறு ஆள் இருக்கிறார் என்றேன். வேறு ஆள் யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். இரண்டே முக்கால் இலட்சத்துக்கு இறக்கினேன். அன்றிரவு வீட்டில் ஒன்றேகால் இலட்சம் மிச்சம் பிடித்த கதையைப் பெருமையாகச் சொன்னேன்.

அவர் வேலை செய்த விதத்தை வாசகர்கள் பார்த்திருக்க வேண்டும். இடது பக்கத்தில் அளவெடுக்க ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லை. வலது பக்கத்தில் கடதாசி மட்டையை வைத்து வெட்டி, அதைத் திருப்பி இடது பக்கத்துக்கு அச்சாக எடுத்தார். தட்டையான தகரத்தை மணல் பைமேல் வைத்துச் சுத்தியலால் அடித்து வளைவு எடுத்தார். வெல்ட் பண்ண முன்னர் கதவை மாட்டி, மூடிப் பார்த்து, கழற்றி, மறுபடி அடித்தார். ஒரு தூணுக்கு மட்டும் பதினொரு தடவை கதவை மாட்டிக் கழற்றினார். எனக்குப் பொறுமை போனது. அவருக்குப் போகவில்லை.

2019 ஏப்ரலுக்குப் பின் எமது கடைகளுக்கு என்ன நடந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இருபது வருடம் பழகிய வாடிக்கையாளர்கள் கூட வீதியின் அடுத்த பக்கத்தால் நடந்து போனார்கள். மே மாதத்தில் இரண்டு கிழமை நான் கடையைப் பாதிக் கதவோடுதான் திறந்து வைத்திருந்தேன். கார் வேலை பற்றிய நினைப்பே இல்லை. அந்த நாட்களில் ஒரு காலை ஸ்டோர்க் காவலாளி தொலைபேசியில் பேசினார்: "பாஸ் சைக்கிளில் வந்து நிற்கிறார், திறக்கவா?"

நான் போனேன். "இந்த நாளில் ஏன் பாஸ் வந்தீங்க?" என்று கேட்டேன். அவர் சிங்களத்தில் சொன்ன பதில் இவ்வளவுதான்: "கதவு இன்னும் சரியாக மூடவில்லையே, முதலாளி."

அன்று முழுவதும் இருந்து கதவைச் சரிசெய்தார். எம்.ஜி.ஏ.யின் கதவுக்கு வெளியே கைபிடி இல்லை. உள்ளே கையை விட்டு ஒரு கம்பியை இழுத்துத்தான் திறக்க வேண்டும். மாலையில் அந்தக் கதவு ஒரே தள்ளலில் மூடியது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ஐந்து வருடமும் எட்டு மாதமும்

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

இலங்கையில் 2002 முதல் ஈயமற்ற பெற்றோல்தான் விற்கப்படுகிறது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டவை. ஆகவே ஹெட்டைக் கழற்றியபோதே லேத் வேலைக்காரரிடம் கொடுத்துக் கடினமான இருக்கைகளைப் பதித்துக்கொண்டேன். பிரேக் நான்கு சக்கரத்துக்கும் ட்ரம் முறைதான். துருப்பிடித்த சிலிண்டர்களைக் குடைந்து உள்ளே துருவேறா உருக்குக் குழாய் இறக்கியதும் அதே லேத்காரர்தான். நூலளவு பிசகினாலும் பிரேக் எண்ணெய் கசியும், உயிரோடு விளையாட்டு. இன்று வரை ஒரு துளி கசியவில்லை.

தரை பலகையால் ஆனது. அதைச் செய்தவர் டிங்கர் அல்ல, தச்சர். மின்சாரத்துக்கு ஆசனங்களின் பின்னால் ஆறு வோல்ட் பெற்றரி இரண்டு. பொசிட்டிவ் பக்கம்தான் சேஸியில் பூட்டப்படும். இன்றைய வாகனங்களுக்கு நேர்மாறு. அதைக் கவனிக்காத ஒரு இளம் வயர்மேன் பத்து நிமிடத்தில் வயரைப் புகைய வைத்தார். போல்ட்டும் நட்டும் அங்குலக் கணக்கு. பதின்மூன்று மில்லிமீற்றர் ஸ்பெனர் அரை அங்குல நட்டில் நுழையும். ஆனால் இறுகிய நட்டின் மூலைகளை மழித்துவிடும். ஆகவே முதல் செலவு அங்குல ஸ்பெனர் செட்டாக இருக்கட்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. இங்கிலாந்துப் பெட்டிகள் மாதக்கணக்கில் தாமதித்தன. அதே மார்ச்சில் வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. ஓடும் வாகனங்களை எப்படியாவது ஓட்ட வேண்டியிருந்ததால் எம் போன்ற உதிரிப்பாகக் கடைகளுக்கு வியாபாரம் கூடியது. 2021இல் பெயின்ட் முடிந்தது. 2022இல் டொலர் இருநூறிலிருந்து முன்னூற்றறுபதுக்குப் போனது. பெற்றோல் வரிசை, பின்னர் கியூஆர் அட்டை. அந்த வருடம் முழுவதும் கார் துணி மூடி நின்றது. 2023இல் வயரிங்கும் குஷன் வேலையும் முடித்து, ஒக்டோபரில் முதல் தடவை ஸ்டோர் வாசலைத் தாண்டினேன்.

இப்போது கணக்கு. டிங்கர் வேலையும் தகரமும் ஒன்பது இலட்சம். பெயின்ட் நாலரை. எஞ்சினும் கியர் பெட்டியும் ஏழு. இங்கிலாந்துப் பாகங்கள் பதினொன்றரை. குஷனும் ஹூட்டும் மூன்று. வயரிங், பிரேக், சக்கரம், டயர் ஆறு. சில்லறை இரண்டு. ஆக நாற்பத்து மூன்று இலட்சம். வாங்கிய விலையோடு அறுபத்தொரு இலட்சம்.

2024இல் ஒருவர் வந்து தொண்ணூறு இலட்சம் தருகிறேன் என்றார். என் மைத்துனர், "இருபத்தொன்பது இலட்சம் லாபம், கண்ணை மூடிக்கொண்டு கொடுங்க" என்றார். நான் கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு செலவுக்கும் எதிரே அன்றைய டொலர் விலையை எழுதிக் கூட்டிப் பார்த்தேன். செலவு ஏறத்தாழ 31,500 டொலர். அவர் தருவதாகச் சொன்னது அன்றைய விலையில் 30,000 டொலர். அதாவது ரூபாவில் இருபத்தொன்பது இலட்சம் இலாபம்; டொலரில் ஆயிரத்தைந்நூறு நட்டம். அதுவும் என் நேரத்துக்குக் கூலி போடாமல்.

இளம் வியாபாரியின் கேள்விக்குப் பாதிப் பதில் இது. பழைய கார் முதலீடு அல்ல. ரூபா விழுந்த நாட்டில் நிற்கும் பொருளெல்லாம் விலை ஏறியது போலவே தோன்றும். கடன் வாங்கி இதில் இறங்குபவர் வட்டியிலேயே மூழ்கிவிடுவார். கையில் மிஞ்சும் காசில், அவசரமில்லாமல், செலவு என்றே எழுதிச் செய்ய வேண்டிய காரியம் இது.

கித்துல்கல வரை

அப்படியானால் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். ஓட்டுவதற்காக என்பதே என் பதில்.

மாதம் ஒரு ஞாயிறு, சுபஹ் தொழுதுவிட்டு மகனையும் ஏற்றிக்கொண்டு அவிசாவளை வழியாக ஹட்டன் வீதியில் புறப்படுவேன். எம்.ஜி.ஏ.யில் இருக்கை அவ்வளவு தாழ்வு. லொறி பக்கத்தில் வந்தால் அதன் சக்கரம் கண்ணுக்கு நேரே சுற்றும். முதலாம் கியருக்கு சிங்ரோ இல்லை; கார் முற்றாக நிற்காமல் போட்டால் பல் கடிக்கும் சத்தம் கேட்கும். ஸ்டியரிங் கையின் சிறு அசைவுக்கும் பதில் சொல்லும். மணிக்கு எண்பது கிலோமீற்றரில் எஞ்சின் மூவாயிரம் சுற்றில் அமைதியாகப் பாடும். இன்றைய கார்களில் எண்பது என்றால் தூக்கம் வரும். இதில் எண்பது போதும், மனம் நிறைந்துவிடும்.

குறைகளும் உண்டு. எஞ்சின் சூடு முழுவதும் காலுக்கு வரும். கித்துல்கலயில் மழை பிடித்தால் ஹூட்டைப் போடுவதற்குள் இருவரும் நனைந்துவிடுவோம். போட்ட பின்னும் முழங்காலில் சொட்டும். மகன் முதல் தடவை சலித்துக்கொண்டான். இப்போது அவனே துவாய் எடுத்துக்கொண்டு வருகிறான். களனி கங்கைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்புவோம். 'குவாய் நதிப் பாலம்' என்ற பிரபலமான ஆங்கிலப் படம் அங்கேதான் எடுக்கப்பட்டது. அது வெளியான 1957ஆம் ஆண்டுக்கு அடுத்த வருடம் பிறந்த கார் இது என்று மகனுக்குச் சொன்னேன்.

ஒரு நாள் அவனுக்கு இரண்டு காபரேட்டர்களையும் ஒப்புக்குச் சரிசெய்யப் பழக்கினேன். ஒரு துண்டு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் காபரேட்டரின் வாயிலும் வைத்து, காற்று இழுக்கும் சீறலைக் கேட்க வேண்டும். இரண்டிலும் சத்தம் ஒன்றாகும் வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். கம்பியூட்டர் தேவையில்லை, காது தேவை. கைத்தொலைபேசியை விட்டு அரை மணி நேரம் அவன் அப்படிக் குனிந்து நின்றதை நான் எந்தப் பக்கத்தில் எழுதிக் கூட்டுவது?

பாஸின் சுத்தியல்கள்

2023 டிசம்பரில் வெள்ளவத்தையில் முச்சக்கர வண்டி ஒன்று பின் மட்கார்டில் உரசிவிட்டது. கையளவு பள்ளம். பாஸிடம் போனால் ஒரு மணி நேர வேலை என்று நினைத்து அவர் வீட்டைத் தேடிப் போனேன். 2022க்குப் பின் நான் அவரைச் சந்திக்கவில்லை. பெற்றோல் இல்லாத காலம், வேலையும் இல்லை. தொலைபேசியில் கூட விசாரிக்கவில்லை என்பதை இப்போது வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பாஸ் வாசலில் இருந்தார். பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். "இது லேசான வேலை, முதலாளி. ஆனால் என்னிடம் சாமான் இல்லை" என்றார். 2022இல் வீட்டில் அடுப்பெரிய வழியில்லாத ஒரு கிழமையில், நாற்பது வருடமாகச் சேர்த்த சுத்தியல்களையும், தகரத்துக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டைகளையும் பழைய இரும்புக் கடையில் நிறுத்து விற்றிருக்கிறார். நாற்பத்தெட்டுக் கிலோ. கிடைத்தது ஏழாயிரத்து இருநூறு ரூபா.

நான் அவரிடம் வெட்டிய ஒன்றேகால் இலட்சம் அப்போது என் நினைவுக்கு வந்தது. அது அவரிடம் இருந்திருந்தால் அந்தச் சுத்தியல்கள் இருந்திருக்கும் என்று அறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காசு எனக்கு எதற்கு உதவியது என்று யோசித்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவருக்கு எதற்கு உதவியிருக்கும் என்பது தெரியும்.

1998இல் வாப்பாவின் பெட்டிகளை நான் நிறுத்து விற்றேன். 2022இல் அவர் தன் கையின் நீட்சியை நிறுத்து விற்றார். நான் விற்றது இடம் பிடிக்கிறது என்பதற்காக. அவர் விற்றது பசிக்காக. இரண்டு தராசிலும் நிறை மட்டும்தான் தெரிந்தது.

அந்த இரும்புக் கடைக்குப் போய்க் கேட்டோம். எல்லாம் உருக்கப் போய்விட்டன. ஒரு மூலையில் இரண்டு சுத்தியல்கள் மட்டும் கிடந்தன. மற்றவற்றைப் புதிதாக வாங்கிக் கொடுத்தேன். ஸ்டோரின் பின்பக்கம் கூரை போட்டு ஒரு மேசையும் வைத்தோம். கிழமையில் நான்கு நாள் பாஸ் வருகிறார். நாட்கூலி, பேரம் இல்லை. பழகுவதற்கு இரண்டு பையன்களை விட்டேன். ஒருவன் மூன்றாம் மாதமே முச்சக்கர வண்டி ஓட்டப் போய்விட்டான். மற்றவன் என் சகோதரியின் மகன், இன்னும் இருக்கிறான். அவன் அடிக்கும் வளைவு இன்னும் கோணலாகத்தான் வருகிறது. பாஸ் ஒன்றும் சொல்லாமல் கதவைக் கழற்றி மறுபடி மாட்டச் சொல்கிறார்.

வியாபாரிகளுக்கு நான் சொல்வது

இது ஒரு பொழுதுபோக்குக்காரனின் கதை என்று ஒதுக்க வேண்டாம். நாம் எல்லோரும் திருத்துபவர்களின் கைகளை நம்பித்தான் வியாபாரம் செய்கிறோம். உதிரிப்பாகம் விற்பவருக்கு மெக்கானிக், துணி விற்பவருக்குத் தையற்காரர், குளிரூட்டி விற்பவருக்கு அதைத் திருத்துபவர். சாமானின் விலையில் இறக்குமதியாளரிடம் நாம் பேச முடியாது. ஆகவே கூலியில்தான் கை வைக்கிறோம். என் காரின் நாற்பத்து மூன்று இலட்சத்தில் கைவேலைக்குப் போனது பதினான்கு இலட்சம் மட்டும். அந்தக் கைகள் இல்லாவிட்டால் மீதி இருபத்தொன்பது இலட்சமும் ஸ்டோரில் கிடக்கும் பெட்டிகள்தான்.

ஆகவே சில விடயங்கள்.

முதலாவது, வேலையின் விலையை எழுதி வாங்குங்கள். பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் காசைக் கொடுங்கள். ஏமாறாமல் இருக்க அதுவே போதும். அதற்கு மேல் பேரம் பேசி ஒருவரின் கூலியை வெட்டுவது திறமை அல்ல.

இரண்டாவது, அசையாத சரக்கை இரும்புக்குப் போட முன் ஒரு பட்டியல் எழுதுங்கள். வாகனத்தின் பெயர், பாக இலக்கம், எண்ணிக்கை. ஒரு கிழமை வேலைதான். பழைய கார் வைத்திருப்போர் இந்நாட்டில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது உங்கள் மேல் தட்டில் இருக்கலாம்.

மூன்றாவது, உங்கள் தொழிலை நம்பியிருக்கும் கைவினைஞர் ஒருவரோடு ஒரு பையனைச் சேர்த்துவிடுங்கள். அனுபவத்தில் தொழில் கற்றவர்களும் பரீட்சிக்கப்பட்டு என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம், நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை அதைச் செய்கிறது. அந்தக் கடதாசி ஒரு பாஸுக்கு வெளிநாட்டிலும் உதவும், உள்நாட்டில் மதிப்பையும் தரும்.

நான்காவது, பழைய கார் ஆசை இருந்தால் வாங்குங்கள். ஆனால் பூட்டி வைத்து விலை ஏறும் என்று காத்திருக்காதீர்கள். ஓடாத காரில் பிரேக் இறுகும், டயர் தட்டையாகும், பெற்றோல் பிசினாகும். ஓட்டினால்தான் அது நிலைக்கும்.

இளம் வியாபாரி அன்று தேநீரைக் குடித்துவிட்டு, "அப்போ வாங்க வேணாம் என்கிறீங்களா?" என்று கேட்டார். வருகிற ஞாயிறு மகனுக்குப் பரீட்சை; அவனால் வர முடியாது. பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது, வாருங்கள் என்றேன். போகும் வழியில் வெல்லம்பிட்டியில் நிறுத்தி, பாஸ் வேலை செய்யும் மேசையையும் அவருக்குக் காட்ட வேண்டும். அதன் பிறகு அவர் தன் நாற்பது இலட்சத்தைப் பற்றித் தானே முடிவு செய்யட்டும்.